உமரியும் ஆரையும்

மதினியின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஈர மணலில் அழுத்தினால்கூட தண்ணீர் ஊறிக் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். இந்தக் குழி தூர்வதற்கு அதைவிட நேரமானது.

"இன்னொரு தடவ அமுக்கு பிலோமி" என்றாள் மதினி. "வலிக்கவே இல்ல. பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி இருக்குல்லா."

"வெளாடாதிய மதினி."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? அழுதா வத்திருமா?"

ஆடி மாசம், மத்தியான நேரம். கச்சான் காற்று தெருவையே பெருக்கிக்கொண்டு போனது. கதவைச் சாத்தியிருந்தும் அடி இடுக்கு வழியாக மணல் உள்ளே வந்து தரையில் கோடு போட்டிருந்தது. மதினி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் எது, கெண்டைக்கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. சோற்றில் உப்பு இல்லை, குழம்பில் உப்பு இல்லை. உப்புப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்து நாளாகிவிட்டது. பிறகு இந்தக் கால் எதைத் தின்று வீங்குகிறது?

முப்பது நாள்

இந்தத் தொடரைப் போன வாரம் அண்ணனுடைய முப்பதாம் நாள் பூசையோடு நிறுத்தியிருந்தேன். இப்போதுதான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காக ஒன்றிரண்டு வரி.

என் அண்ணன் இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவன். பங்குனியில் ஒரு நாள் கடலில் முங்கினவன் எழும்பவில்லை. வள்ளக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அப்போது அவன் பெண்சாதி ரீத்தா, என் மதினி, முழுகாமல் இருந்தாள். எங்கள் அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். ஆக வீட்டில் மிஞ்சியது அம்மா, மதினி, நான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் உள்ள பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திவிடுகிறார்கள். மற்றதைத் திருத்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

கடல் ஒருவனை எடுத்துக்கொண்டு திருப்பித் தராவிட்டால், முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டுக் குசினியில் மீன் ஏறாது. இது எங்கள் தெரு வழக்கம். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வேறொரு வீட்டில் இப்படி நடந்தபோது, சின்னப் பிள்ளையான நான் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, மீனு என்ன செஞ்சிச்சு?" அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். அந்த அடியில் காரணம் விளங்கிவிட்டது.

பூசை முடிந்த மறுநாள் அம்மா சாளை வாங்கி வந்து பொரித்தாள். அம்மா மீன் விற்கிறவள். அத்தனை நாளும் தலையில் மீனைச் சுமந்து ஊரெல்லாம் விற்றுவிட்டு, வீட்டில் வந்து கஞ்சியும் துவையலும் குடித்திருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மதினி தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். சோற்றில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ரீத்தா, முப்பது முடிஞ்சிட்டு" என்றாள் அம்மா.

"உங்களுக்கு முடிஞ்சிட்டு மாமி. அவுக இன்னும் அங்கனதான கெடக்காக."

பங்குச் சாமியார் வந்து, மீன் தின்பதில் பாவம் ஒன்றுமில்லை என்று பொறுமையாகச் சொன்னார். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அன்றைக்கும் தண்ணீர்ச் சோறுதான் தின்றாள்.

அம்மாவுக்கு மருமகள் மேல் இருந்தது கோபம் இல்லை. வயிற்றில் இருப்பது இஞ்ஞாசி விட்டுப்போன ஒரே ஒன்று. அது நல்லபடியாக வர வேண்டும். எங்களுக்கு மீனைத் தவிர வேறு சத்து என்ன தெரியும்?

"வெறுங் கஞ்சியில பிள்ள வளருமா? செத்தவனுக்குப் பாத்து, இருக்கத சாவடிக்கப் போறாளா?" என்று அம்மா குசினிக்குள் நின்றுகொண்டு கத்தினாள்.

"மீனு இல்லாம நான் வளத்துக் காட்டுதேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்துவிட்டது.

"எதப் போட்டு வளப்ப? மணலையா?"

"கீரை பறிச்சுட்டு வாரேன். காட்டுல இல்லாத கீரையா?"

"கீர விக்கிற ஏரல்காரி மாதிரி பேசுதா பாரு." அம்மா அகப்பையைக் கீழே போட்டாள். "சரி. செய்யி. ஆனா அவ ஒடம்புல ஒரு கொறை கண்டேன்னு வையி, அன்னைக்கே சுறாவ வேக வச்சு வாயத் தொறந்து ஊட்டுவேன். நீ குறுக்க வரக் கூடாது."

"வரல."

"நீ மீன் திம்பியா, மாட்டியா?"

"மதினி திங்காம நான் எப்படித் திங்க? அவுகளுக்காக நானும் விட்டுட்டேன்."

அப்படித்தான் அன்று சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

மணல் தேசத்தில் கீரை

எங்கள் தெருவில் கீரை என்பது மார்க்கெட்டில் ஏரல் பக்கத்துப் பெண்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து விற்பது. ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர்க்காரர்கள் தின்பது. கடற்கரை மணலில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் முளைக்கும். இரண்டையும் ஆடுகூட யோசித்துத்தான் கடிக்கும்.

நான் காலையில் எறால் கம்பெனியில் எறால் உரிக்கப் போவேன். மத்தியானம் திரும்பியதும் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே உடங்காட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது தூதுவளை. உடை மரத்து முள்ளுக்குள் ஏறிக் கிடக்கும். அதற்கும் தனியாக முள் உண்டு. கையெல்லாம் கீறி, எறால் உரித்த விரலில் எரியும். இலையின் நடு நரம்பிலும் முள் இருக்கும், அதைக் கிள்ளி எடுத்துவிட்டு எண்ணெயில் வதக்கினால் இலை சுருண்டு ஒரு பிடி ஆகிவிடும். புளியும் வத்தலும் வைத்து அரைத்தால் துவையல்.

வேலியில் கோவைக்கொடி இருந்தது. அதன் இளம் இலையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடையலாம். குப்பைமேட்டில் குப்பைக்கீரை. கிணற்றடியில் முசுமுசுக்கை, சொரசொரவென்று இருக்கும், அரிசியோடு அரைத்து அடை சுட்டால் அந்தச் சொரசொரப்பு தெரியாது. தெரியாத செடியை நான் தொடவில்லை. மார்க்கெட்டில் பார்த்தது, யாராவது ஒருத்தர் தின்று நான் கண்டது, அவ்வளவுதான் பறிப்பேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுப்பது, விளையாட்டு இல்லை.

மதினி எல்லாவற்றையும் தின்றாள். கசந்தாலும் தின்றாள். "நல்லா இருக்கு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு என்ன செத்தை?" என்று கேட்பாள்.

ஆனியில் வெயில் முற்றிக் காற்று எடுத்தது. கோவை இலை மஞ்சளாகி உதிர்ந்தது. குப்பைக்கீரை விதை கட்டிக் காய்ந்தது. தூதுவளையில் முள் மட்டும் மிஞ்சியது. ஊரில் பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று. உப்பளத்து ஓரத்து உமரி.

உமரி

புது ஹார்பருக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடுகிற ரோட்டை ஒட்டி உப்பளம். பாத்தி வரப்புகளிலும் ஓடைக் கரையிலும் உமரி அடர்ந்து கிடக்கும். இலை தட்டையாக இருக்காது. சின்ன மணி மணியாக, தண்ணீர் கட்டி, நகத்தால் அழுத்தினால் பிதுங்கும். எந்த வெயிலுக்கும் வாடாது. நுனியை மட்டும் கிள்ள வேண்டும். அடித்தண்டு நாராக இருக்கும்.

சின்ன வயசில் அண்ணனும் நானும் அந்த ஓடையில் நண்டு பிடிக்கப் போவோம். ஒரு தடவை தாகம் என்று அண்ணன் உமரியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றான். "தண்ணி மாதிரி இருக்கு ளா" என்று எனக்கும் தந்தான். அந்தத் தாகம் இரண்டு பங்காகி, ரோட்டோரத்து டீக்கடை வரைக்கும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடினோம். கடைக்கார அண்ணாச்சி இரண்டு செம்பு தண்ணீர் தந்துவிட்டு, "கடல குடிச்சிட்டு வந்தியளால?" என்று கேட்டார். அண்ணன் தண்ணீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

அவன் சிரிப்பதை எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடமாட்டேன் என்கிறது. மேலே போகிறேன்.

உமரியை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, உருண்டையாகப் பிழிந்து எடுத்து, சின்ன வெங்காயமும் வத்தலும் தாளித்துத் தேங்காய் துருவிப் போட வேண்டும். உப்புப் போடக் கூடாது. உமரி ஆக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த ஒரே விதி அது.

மதினிக்குக் கால் லேசாக நீர் கட்டியபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த நர்சம்மா கடல் இல்லாத மேற்கத்தி ஊர்க்காரர். பிரஷர் பார்த்தார். ரத்தம் கம்மி என்றார், மாத்திரை தந்தார்.

"சாப்பாட்டுல உப்பே சேக்கக் கூடாது. கீரை நெறைய குடுங்க."

"கீரதான் குடுக்கோம் நர்சம்மா. தெனமும்."

"அப்போ இன்னும் கூடக் குடுங்க."

என்ன கீரை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீரை கீரைதானே.

வீட்டுக்கு வந்ததும் உப்புப் பானையைக் கவிழ்த்தேன். மூன்று பேருக்கும் உப்பில்லாச் சோறு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "சுண்ணாம்பத் திங்க மாதிரி இருக்கு" என்றாள். மதினியாலும் முடியவில்லை. உமரி இருந்தால் மட்டும் சோறு இறங்கியது. "இது ஒண்ணுதான் வாய்க்கு ருசியா இருக்கு, இன்னுங் கொஞ்சம் வையி" என்று அவளாகக் கேட்டாள். அண்ணன் போன பிறகு அவள் எதையும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வேளையும் உமரி ஆக்கினேன்.

ஆடு நக்கிய கல்

அந்தக் குழி விழுந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

மதினியைப் படுக்க வைத்துவிட்டு, காலையில் உமரி வேகவைத்த பானையைத் துலக்க முற்றத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு வெள்ளாடு எங்கள் துவைகல்லை நக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளாகவே அது அங்கேதான் நிற்கும். விரட்டுவேன், போகும், திரும்பி வரும். அன்று பானையாலேயே ஓங்கினேன். ஆடு நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

கல்லைப் பார்த்தேன். தினமும் உமரி வடித்த தண்ணீரை நான் கொட்டுகிற இடம். அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

விரலால் தடவி நாக்கில் வைத்தேன்.

உப்பளத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். உமரி கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அண்ணனோடு மென்று ஓடினவள்தானே. ஆனால் எங்களுக்கு உப்பு என்றால் பானையிலிருந்து கையால் அள்ளிப் போடுவது. நாம் போடாதது எப்படி உப்பாகும்? உமரி கரித்தால் அது உமரியின் ருசி. வீட்டில் மூன்று பேரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வடித்துக் கொட்டிய தண்ணீரிலேயே இவ்வளவு என்றால் பிழிந்த உருண்டையில் எவ்வளவு போயிருக்கும்?

உள்ளே ஓடினேன். "மதினி, உமரிதான். உமரி பூராவும் உப்பு. நான்தான் உங்களுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்."

மதினி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் ஒரே மடக்கா கடலக் குடிச்சாக" என்றாள். "நான் தட்டுல வச்சு வேளைக்கு வேள தின்னுருக்கேன் போல."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

மீன் விற்றுவிட்டு வந்த அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் பெட்டியை இறக்கிக்கூட வைக்கவில்லை.

"கீரைன்னு சொல்லி உப்பளத்தையே அவ வாயில தட்டியிருக்க. முடிஞ்சிட்டா ஒன் கீர வைத்தியம்? நாளைக்கு நான் சுறா எடுத்துட்டு வாரேன்."

"நாளைக்கு ஒரு நாள் குடும்மா. ஆத்துப் பக்கம் போறேன். அங்கன கால்வாய்ல தண்ணி வந்துட்டு. நல்ல தண்ணிக் கீர இருக்கும்."

"அங்கன உனக்கு யாரத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

அம்மா பெட்டியை இறக்கினாள். "நாளைக்குச் சாயங்காலம் அடுப்பு பத்த வைக்கதுக்குள்ள வரணும். வரலன்னா சுறா வெந்துரும்."

வயலில்

விடிந்ததும் ஏரல் பஸ். கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் காற்றே வேறு மாதிரி ஆனது. முகத்தில் மண் அடிக்கவில்லை. ஏரலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கால்வாயும் வயலும் ஒட்டிக் கிடந்த ஓர் இடத்தில் இறங்கிவிட்டேன்.

கார் நெல் முழங்கால் உயரம் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியதை அள்ளி வரப்பில் எறிந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் விரிந்துவிட்டது. புல்லுக்கு நடுவில் ஆரை. நீளக் காம்பின் நுனியில் நாலு இலை, குடை விரித்த மாதிரி. மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிற அதே ஆரை இங்கே மண்ணில் கிடக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

"ஏளா, யாரது? அந்தக் களையில கைய வைக்காத. அது என் மாட்டுக்கு."

வரிசையின் கடைசியில் நின்றவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வயசு இருக்கும். பேச்சியம்மாள் என்று பெயர், மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

"கீழ கெடந்துச்சுக்கா. அதான் எடுத்தேன்."

"கீழ கெடந்தா ஒங்க அப்பன் வீட்டுதா? களை எடுத்தவளுக்குத்தான் களை. கூலியோட அதும் சேத்தி."

அது அவர்கள் ஊர் வழக்கம். எனக்கு எப்படித் தெரியும்? "நாலு எல மட்டும் பொறுக்கிக்கிடுதேன்க்கா. புல்லு பூராவும் ஒங்க மாட்டுக்கே."

"என் மாடு புல்ல விட்டுட்டு ஆரையத்தான் மொதல்ல திங்கும். அதுக்கு ஒன்னயவிட நாக்கு நீளம்."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள். "இவ கடக்கரைக்காரி. எறால் வாடை இங்கன வர அடிக்கி. ஏளா, கடல்ல மீனு தீந்து போச்சோ, எங்க மாட்டுத் தீவனத்துக்கு வந்துட்ட?"

"மீனு இருக்கு. நாங்க திங்க மாட்டோம்."

"ஏன், கசக்கோ?"

"எங்க அண்ணன் கடல்ல கெடக்கான்."

அதுவரை நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாத, சேற்றில் நின்ற ஏழெட்டுப் பேரிடம் சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

சிரிப்பு நின்றது. ஒருத்தி மறுபடியும் குனிந்துகொண்டாள். நான் மதினியைப் பற்றிச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளை, வீங்கின கால், உமரி, அம்மா வைக்கப்போகும் சுறா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாள் கையில் இருந்த சேற்றை வழித்து எறிந்தாள்.

"அதுக்காவ என் மாட்டுப் பங்க நான் தர மாட்டேன்" என்றாள். "எறங்கு. நீ புடுங்கினது ஒனக்கு."

பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். கடல் மணலில் நடந்த காலைச் சேறு முழங்கால்வரை உள்ளே வாங்கியது. குனிந்து கைக்கு வந்ததைப் பிடுங்கினேன்.

"ஏளா, அது நெல்லு."

அடுத்ததைப் பிடுங்கினேன்.

"அதுவும் நெல்லுதான். ஏ பேச்சி, ஒன் ஆளு வயல அறுவடை பண்ணுதாடி."

"புல்லத் தொடாத" என்று பேச்சியம்மாள் அதட்டினாள். "நாலு எல இருந்தா மட்டும் புடுங்கு. ஒனக்கு வேண்டியதும் அதான, வயலுக்கு வேண்டாததும் அதான்."

அப்படியே செய்தேன். நாலு இலை கண்டால் பிடுங்கு, இல்லாவிட்டால் கையை எடு. மத்தியானம்வரை நிமிரவில்லை. அதற்குப் பிறகு கால்வாய்க் கரையில் பொன்னாங்கண்ணியும் கையாந்தகரையும் வல்லாரையும் பறித்தேன். அது யாருடைய மாட்டுக்கும் சொந்தமில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கை வைத்தேன். கையாந்தகரைச் சாறு பட்டு விரலெல்லாம் கறுத்துவிட்டது.

பஸ் தாமதம். தெருவுக்குள் நுழைந்தபோது மற்ற வீடுகளில் புகை எழும்பத் தொடங்கியிருந்தது. ஓடினேன். குசினியில் அம்மா மஞ்சள் தடவிய சுறாத் துண்டுகளைச் சட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. என்னைப் பார்த்துக் காத்திருந்தாளா, விறகு ஈரமா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கிள்ளினாள். பச்சையாகவே வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று பார்த்தாள். ஆரை. பொன்னாங்கண்ணி. வல்லாரைக்கு முகத்தைச் சுளித்தாள். கையாந்தகரையைத் துப்பினாள்.

"உப்பு இல்ல" என்றாள்.

எழுந்து சுறாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பால்சுறா

அதற்குப் பிறகு கம்பெனிக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஏரல் பஸ்தான். ஆரையை இலை வேறு காம்பு வேறாகக் கிள்ளி, பருப்போடு கடைந்தேன். பொன்னாங்கண்ணியைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினேன். மதினி உப்பில்லாமலேயே தின்றாள். "உமரிக்கு இருந்த ருசி இதுக்கு இல்ல" என்று தினமும் சொன்னாள். 

வீக்கம் ஒரேயடியாக வற்றிவிடவில்லை. நர்சம்மாவின் மாத்திரையும் தொடர்ந்தது. உமரியைப் பற்றி அவரிடம் சொன்னபோது, அப்படி ஒரு கீரை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆவணி பாதியில் கணுக்கால் எலும்பு மறுபடி வெளியே தெரிந்தது.

புரட்டாசியில் குழந்தை பிறந்தது. பெண். அழுத அழுகை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அம்மாவுக்குக் கேட்டது. "இஞ்ஞாசி தொண்ட" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கத்தில் பால்சுறா ஆக்கிக் கொடுப்பார்கள். வேகவைத்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் போட்டுப் புட்டாகக் கிளறுவது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அம்மா அதைச் செய்து தட்டில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. நான் கீரைச் சட்டியோடு மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு ரீத்தா. நான் கொண்டு போயிருதேன்" என்றாள் அம்மா.

குழந்தை மார்பில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. மதினிக்குப் பால் பத்தவில்லை.

"வைங்க மாமி" என்றாள் மதினி.

முதல் வாயை வெகு நேரம் மென்றாள். இரண்டாவது வாயிலிருந்து வேகம் பிடித்தது. தட்டைக் காலி செய்தாள். விரலையும் வழித்துத் தின்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அண்ணன் திரும்பி வந்துவிட்டானா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"வயித்துல இருக்கவரைக்கும் அது அவுக பிள்ளையா இருந்துச்சு பிலோமி. அவுகள நெனச்சுக்கிட்டே கெடந்தேன். இப்ப இது பசிச்ச பிள்ள. இதுகிட்டப் போய் நான் என்னத்தச் சொல்ல?"

நான் கீரைச் சட்டியை மூடினேன்.

"நீயும் தின்னு. எனக்காகத்தான விட்டேன்னு சொன்ன. இந்தா, நான் தின்னுட்டேம்லா."

அம்மா எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். பூண்டு வாசம் மேலே வந்தது. எனக்குப் பிடித்த சாப்பாடு அது. ஒரு விள்ளல் எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டு போனேன். வாய் திறக்கவில்லை. அங்கே உட்கார்ந்து நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என் வாய்க்கு. திறக்கவில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா திட்டவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ எப்பத் திங்கியோ அப்பத் தின்னு" என்றாள்.

மறுநாள் பஸ் ஏறினேன். நெல் அறுத்துவிட்டிருந்தார்கள். ஈரத் தாளடிக்கு நடுவில் ஆரை வயல் முழுக்கப் படர்ந்து கிடந்தது. பிடுங்கி எறிய யாரும் இல்லை. பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி பெத்துட்டாளா?"

"பொம்பளப் பிள்ளக்கா. நல்லா இருக்கு."

"மீனு தின்னாளா?"

"தின்னுட்டாக."

"அப்பறம் என்னத்துக்கு இம்புட்டுத் தூரம் வந்த? இது யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

அன்றுவரை யார் கேட்டாலும் மதினிக்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.  பேச்சியம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வழி விட்டாள். நான் பெட்டியை வைத்துவிட்டு இறங்கினேன்.